புது நூலகத்தின் முதல் அட்டை

மார்ச் 4

கம்பிக் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை எந்த மோட்டாருக்கு எந்தக் கம்பி என்று மட்டும்தான் குறித்து வைத்திருக்கிறேன். இன்று கட்டி முடித்த காயிலில் வார்னிஷ் இன்னும் காயவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் எதிர் டீக்கடைக்காரர் வந்து வாயைக் கிளறுவார். எழுதிக்கொண்டிருந்தால் ஏதோ கணக்கு பார்க்கிறான் என்று விட்டுவிடுவார். என்னைப் பற்றி எழுத அப்படி என்ன இருக்கிறது? ஃபேனுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவன். பத்தாவது வரை படித்தவன், அதையும் பாஸ் செய்தேன் என்று யாரிடமும் சத்தியம் செய்ததில்லை. ஒரு பெண்ணுக்கு அப்பா.

அந்தப் பெண்ணைத்தான் இப்போது நூலகத்தில் விட்டுவிட்டு வந்தேன். மாப்பிள்ளை போய் ஒரு வருடம் ஆகிறது. ரோட்டில் நடந்த விபத்து. அப்போது கல்யாணமாகி வருடம்கூட முடிந்திருக்கவில்லை. திரும்பி வந்தவள் பல மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒருநாள் கதவைத் திறந்து, "நூலகத்துக்குப் போகலாமாப்பா?" என்றாள். கிரீஸ் கையைக்கூடத் துடைக்காமல் வண்டியை எடுத்தேன். அன்றிலிருந்து தினமும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன், நான்தான் கூட்டி வருகிறேன். அவள் போகிற ஒரே இடம் அது.

நூலகம் என்றால் ஒரே அறை. சந்தை மாதிரி இருக்கும். 'தலைப்புச் செய்தி' என்று நாங்கள் கூப்பிடும் ரிட்டயர்டு கண்டக்டர் பேப்பரைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு செய்திக்கும் தன் தீர்ப்பையும் சேர்த்தே சொல்வார். நூலகர் அம்மா அதட்டி அதட்டிக் களைத்துப்போனவர். ஆனால் என் மகளின் தலை வாசலில் தெரிந்தால் போதும், அறையே அடங்கிவிடும். தலைப்புச் செய்திகூட உதட்டை மட்டும் அசைப்பார். ஜன்னலோர நாற்காலியில் யார் இருந்தாலும் எழுந்து கொடுத்துவிடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் இப்படி?

இன்று அந்தக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டும் மூன்று மாடி நூலகம் முடியப்போகிறதாம். அது திறந்ததும் இதை மூடி இடித்துவிடுவார்களாம்.

மூன்று மாடியில் யார் எழுந்து நாற்காலி கொடுப்பார்கள்?

மார்ச் 5

வார்னிஷ் காய்ந்துவிட்டது. கவலை காயவில்லை.

(எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. பத்தாவதில் தமிழ் வாத்தியார் கவனிக்கத் தவறிய ஆள் நான்.)

மார்ச் 9

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "நூலகத்தை மூடினா இவ மறுபடியும் அறைக்குள்ள போயிடுவா."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"இதுல கேட்க என்ன இருக்கு?"

"அதானே. கேட்டா பதில் வந்துடுமே."

இவளோடு பேசுவதைவிட ஷாக் அடிக்கும் மோட்டாரோடு பேசலாம்.

மார்ச் 14

கூட்டி வரும்போது இன்றும் சுற்று வழியாகப் போகச் சொன்னாள். காற்றுக்காகத்தான் கேட்கிறாள் என்று தினமும் அப்படியே போகிறேன். அந்த வழியில்தான் புதுக் கட்டடம். பச்சை வலையைக் கழற்றிவிட்டு இப்போது கண்ணாடி பொருத்துகிறார்கள். கொஞ்சம் நிறுத்துங்கப்பா என்றாள். நிறுத்தினேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"லிஃப்ட் வைப்பாங்களாப்பா?"

"வைக்கட்டும். கரண்ட் போனா அந்தரத்துல நின்னுக்கிட்டுப் படிக்கலாம்" என்றேன்.

சிரிக்கவில்லை. பாவம், அவளுக்கும் அதைப் பார்த்தால் பயம்தான் போல. நான் இருக்கிறேன் கண்ணு, பார்த்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுகிறார்கள். பேசிவிட வேண்டியதுதான்.

மார்ச் 23

கூட்டம் நூலகத்திலேயே நடந்தது. மகள் வரவில்லை. நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றோம். இன்ஜினியர் படத்தை விரித்து, இது கம்ப்யூட்டர் அறை, இது குழந்தைகள் தளம் என்று விரல் வைத்துக் காட்டினார். தலைப்புச் செய்தி எழுந்தார். "மெயின் ரோட்டை நான் எப்படிக் கடப்பேன்? இவர் பேப்பர் படிக்கப் போறார்னு லாரிக்காரன் நிறுத்துவானா?" எல்லோரும் சிரித்தார்கள். சிக்னல் போட்டுத் தருகிறேன் என்றார் கவுன்சிலர்.

பிறகு நான். ஃபேனைப் பற்றித்தான் பேச நினைத்திருந்தேன். இங்கே சுற்றும் ஃபேன் எல்லாம் நான் கட்டியது, இன்னும் பல வருடம் ஓடும், கட்டடமும் தாங்கும், எதற்கு இடிக்க வேண்டும்? இவ்வளவுதான். வண்டியில் வரும்போது இரண்டு முறை சொல்லியும் பார்த்தேன். ஆனால் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியதும் ஃபேன் மறந்துபோனது. "என் பொண்ணு" என்று ஆரம்பித்தேன். அப்புறம் பிரேக் பிடிக்காத வண்டிதான். மாப்பிள்ளை போனது, அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது, தட்டு தட்டாகச் சாப்பாடு திரும்பி வந்தது, அந்தக் கதவுக்கு வெளியே அவள் அம்மா தரையில் படுத்துத் தூங்கியது. எல்லாம் சொன்னேன். "இந்த ஒரு அறைதாங்க அவளை உசுரோட வெச்சிருக்கு" என்று முடித்தேன்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கட்டடத்தை நிறுத்துறது என் கையில இல்லைங்க. ஆனா ஒண்ணு செய்யறேன். புது நூலகத்தோட முதல் உறுப்பினர் அட்டை அந்தப் பொண்ணுக்குத்தான். திறப்பு விழா மேடையில நானே என் கையால கொடுக்கறேன்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லோரையும்விடச் சத்தமாக.

கடைக்கு வந்து இதை எழுதுகிறேன். கூட்டத்தில் பேசியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இனி வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

மார்ச் 24

சொன்னேன்.

வாசலில் இருந்தே சொல்லிக்கொண்டு போனேன், பரிசு வாங்கி வந்த பிள்ளை மாதிரி. வீட்டுக்காரி கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா வெளியே படுத்திருந்ததுமா சொன்னீங்க?"

"எல்லாரும் நம்ம ஆளுங்கதானேம்மா…"

"யார்கிட்ட கேட்டுச் சொன்னீங்க?"

துணியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கதவை அறையவில்லை. அறைந்திருந்தால்கூடத் தேவலை.

இன்று நூலகத்துக்குப் போகவில்லை. தலைவலி என்றாள் அவள் அம்மா.

மார்ச் 25

இன்றும் தலைவலி.

மார்ச் 29

போகவில்லை. வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி, ஹார்னைக்கூட ஒரு முறை அடித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய்தான் எட்டிப் பார்த்தது.

கடைக்குப் போகும் வழியில் எல்லோரும் நிறுத்தி விசாரிக்கிறார்கள். பொண்ணு எப்படி இருக்கா, சாப்பிடறாளா, தூங்கறாளா. பழக்கமே இல்லாத ஒருவர் என் தோளைத் தட்டி, "தைரியமா இருங்க" என்றார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 6

இன்று கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வயதான முட்டி, உட்கார்வது சுலபம், எழுவதுதான் திட்டம் போட வேண்டிய வேலை.

"வாம்மா. நூலகத்துல எல்லாரும் உன்னைத்தான் கேட்கிறாங்க."

"அதேதான்பா" என்றாள் உள்ளிருந்து. "எல்லாரும் கேட்கிறாங்க."

பிறகு கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவளும் அந்தப் பக்கம் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நான் உள்ள வந்தா எல்லாரும் வாயை மூடிக்கிறாங்களே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"மரியாதைம்மா."

"துக்க வீட்டுக்குள்ள நுழையற மாதிரிப்பா அது. தினமும். அந்தத் தாத்தா சத்தமா பேப்பர் படிக்கிறதை வெளியில நின்னு கேட்பேன், சிரிப்பு வரும். நான் கால் வெச்சதும் நின்னுடும். நான் போனாலே அங்க சாவு வந்துடுது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நூலகர் அம்மா என் முகத்தைப் பார்ப்பாங்க, அதுல யாராவது செத்துடுவாங்களோன்னு. வேற போக்கிடம் இல்ல. அதான் போனேன்."

நான் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் புது நூலகத்துக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். பெரிய இடம், யாருக்கும் யாரையும் தெரியாது. நானும் பத்தோட ஒண்ணா போய் ஒரு மூலையில உட்காரலாம்னு. கண்ணாடி வெச்சுட்டாங்களா, பெயிண்ட் அடிச்சுட்டாங்களான்னு தினமும் பார்த்துட்டு வந்தேன். நீங்க அங்கயும் எனக்கு முன்னாடி போய்ச் சொல்லி வெச்சுட்டீங்களேப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. களைப்பாகச் சொன்னாள்.

காற்றுக்காகவாம் சுற்று வழி! அடப்பாவி, கூடவேதானே இருந்தே? கண்ணைத் திறந்துக்கிட்டுத்தானே வண்டி ஓட்டினே? ஒரு ஃபேன் ஓடலைன்னா ஆயிரம் கேள்வி கேட்பே, என்ன சத்தம் வந்துச்சு, எப்ப நின்னுச்சுன்னு. பெத்த பொண்ணுகிட்ட ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்கத் துப்பில்ல…

இன்று இவ்வளவு போதும்.

ஏப்ரல் 8

கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். மேடைக்குக் கட்டப்போகும் பேனரை ஹாலிலேயே விரித்துப் போட்டிருந்தார். 'துயர்கொண்ட நம் மகளுக்கு முதல் அட்டை.' "நானே எழுதினேன், எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவரை என்ன சொல்ல? அவர் துணியில் அடித்ததை நான் வாயாலேயே அடித்து முடித்துவிட்டேனே.

"ஐயா, பொண்ணு மேடைக்கு வரமாட்டா."

"கூச்சமா? நான் வந்து பேசறேன்."

"வேண்டாம் ஐயா! நீங்க வந்தா நான் வீட்டை விட்டு ஓட வேண்டியதுதான்."

"அட்டையைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. பத்திரிகைக்காரங்க வர்றாங்க. இப்பப் போய் யாருக்குக் கொடுக்கிறது?"

"எனக்குக் கொடுங்க."

என் வாய்தான் சொன்னது. இந்த வாய் சொந்தமாக முடிவெடுப்பது எனக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை பின்னாலேயே புத்தியும் ஓடி வந்து சேர்ந்துகொண்டது.

"உங்களுக்கா? நீங்க என்ன படிப்பீங்க?"

"மோட்டார் மேல ஒட்டியிருக்கிற தகடு எல்லாம் படிப்பேன் ஐயா. ஒரு தொழிலாளிக்கு முதல் அட்டை. கிரீஸ் கையில புத்தகம். போட்டோ எப்படி வரும், யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "வரும்போது கையைக் கழுவாம வாங்க" என்றார்.

ஏப்ரல் 19

பழைய நூலகத்தைக் காலி செய்தார்கள். ஃபேன்களைக் கழற்றித் தரச் சொன்னார்கள், போனேன். வாசல்வரை வரிசையாக நின்று, புத்தகக் கட்டைக் கைக்குக் கை மாற்றி லாரியில் ஏற்றினார்கள். தலைப்புச் செய்தி நடுவில் நின்று, கைக்கு வந்த ஒவ்வொரு கட்டையும் தடவிப் பார்த்தே அடுத்தவருக்குக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் வரிசை தேங்கியது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அலமாரி நகர்ந்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாக இருந்தது.

நூலகர் அம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஏணியடியில் வந்து நின்றார்.

"உங்க பொண்ணுகிட்ட நான் ஒருநாளும் ஒண்ணும் கேட்டதில்லைங்க. கேட்டா நோகுமோன்னு. கேட்டிருக்கணுமோ?"

"நீங்க பேசாம விட்டீங்க, நான் பேசியே கெடுத்தேன்" என்றேன். "விடுங்கம்மா."

கடைசி ஃபேனைக் கழற்றினதும் அறை அப்படி ஒரு புழுக்கம். வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கும் அது ஒரு இடமாக இருந்திருக்கிறது. அவளைக் கூட்டி வரப் போகும்போது ஐந்து நிமிடம் முன்னாடியே போய் அந்த வாசலில் நிற்பேன். அவள் புத்தகத்தை மூடுவதைப் பார்ப்பதற்கு.

ஏப்ரல் 27

திறப்பு விழா.

பேனர் மாறியிருந்தது. 'உழைக்கும் கரத்துக்கு முதல் அட்டை.' கை கழுவாமல்தான் போனேன். இருந்தாலும் போதாது என்று போட்டோக்காரர் என் முழங்கைவரை பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கவுன்சிலர் அட்டையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காமல், மைக்கை என் வாயில் திணித்து, "உங்களுக்குப் பிடிச்ச புத்தகம் எது? சொல்லுங்க" என்றார்.

மைக் கீச்சிட்டது. எனக்கு ஒரு புத்தகத்தின் பெயரும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுகூட வரவில்லை.

"புத்தகமெல்லாம் இனிமேதாங்க. இப்போதைக்கு இந்த மைக்கைக் கொடுத்தீங்கன்னா சரி பண்ணித் தரேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கீழே ஒருவர், "அன்னிக்குக் கூட்டத்துல எல்லாரையும் அழ வெச்சவர் இவர்தானே?" என்று கேட்பதும், "இல்லப்பா, இவர் காமெடி ஆளு" என்று இன்னொருவர் சொல்வதும் காதில் விழுந்தன. என் மகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் அட்டையை அலமாரி மேல் வைத்தேன். மகள் பார்த்தாள். எடுத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரி மட்டும், "ஊரே சிரிச்சுதாமே?" என்றாள்.

"ஆமா."

"நல்லது" என்று இன்னொரு கரண்டிச் சோற்றை என் தட்டில் வைத்தாள்.

மே 2

பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது. வாய் திறந்தபடி. வேறெப்படி வரும்?

மே 11

அறையில்தான் இருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே கற்றிருப்பேன். வண்டியை வாசலில் நிறுத்துவதையும் விட்டுவிட்டேன்.

இப்படியே போய்விடுமோ?

மே 20

பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். காலையில் கடைக்குப் போகும்போது பாதிச் சுவர் இருந்தது. திரும்பும்போது வெளிச்சம்தான் இருந்தது.

ஜூன் 3

தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கடை வாசலில் நிழல் விழுந்தது. யாரோ வாடிக்கையாளர் என்று, "நாளைக்கு வாங்க" என்றேன் நிமிராமலே.

"நான்தான்பா."

கையில் பை. தலை வாரியிருந்தாள். மெயின் ரோட்டில் சிக்னல் போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன், வண்டிச் சாவியைத் தேட. அவள் பார்த்துவிட்டாள்.

"வண்டி வேண்டாம்பா. நடந்து போறேன்."

எங்கே என்று கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. தெரு முனைவரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் மோட்டாரை மாட்டினேன். பேரிங்கை உள்ளே போடாமலே மாட்டியிருக்கிறேன். மறுபடியும் பிரிக்க வேண்டும்.

ஜூன் 5

அட்டை வாங்கிவிட்டாள் என்று வீட்டுக்காரி சொன்னாள். மற்றவர்களோடு வரிசையில் நின்று.

ஜூன் 12

இரவுச் சாப்பாட்டின்போது அவளாகவே பேசினாள். இரண்டாம் மாடியில் ஏசி ரொம்பக் குளிராம். தலைப்புச் செய்தி வந்திருந்தாராம், சத்தமாகப் படிக்கவிடாததால் ஒரு மணி நேரம் வாட்ச்மேனோடு சண்டையாம். சொல்லும்போதே சிரித்துவிட்டாள். வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

ஜூன் 19

மகள் மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். "கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க. வாயைத் திறக்காதீங்க" என்றாள் வீட்டுக்காரி.

திறப்பு விழாவுக்குப் பிறகு இன்றுதான் உள்ளே போகிறேன். வாட்ச்மேன் எழுந்து சலாம் வைத்தார். "முதல் அட்டைக்காரர் இல்ல? வாங்க வாங்க. யாரைத் தேடறீங்க?"

'என் பொண்ணு' என்று தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

"புத்தகம் எடுக்கத்தான்."

அவர் விடவில்லை. கூடவே வந்து, கவுன்டரில் என்னை ஒப்படைத்து, "இவர் யாருன்னு தெரியுதா?" என்று ஆரம்பித்தார். கவுன்டர் பையன் மரியாதையாக எழுந்து, எந்த மாதிரிப் புத்தகம் வேண்டும் என்றான். கைக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைக் காட்டினேன். எடுத்துக் கையில் கொடுத்தான். தேனீ வளர்ப்பு. அதைப் பிடித்துக்கொண்டே மாடி மாடியாக ஏறினேன்.

இரண்டாம் மாடியில், வரிசை வரிசையான மேசைகளுக்கு நடுவில் இருந்தாள். ஜன்னலோரம் இல்லை. பக்கத்தில் அவள் வயதில் ஒரு பெண், இரண்டு பேரும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்து ஏதோ வாக்குவாதம். சுற்றி இருந்தவர்கள் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே இருந்தவர் மட்டும் சத்தம் தாங்காமல் முறைத்தார்.

தூணுக்குப் பின்னால் நின்றேன். கண்ணாடியைக் கவுன்டரிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள். எழுந்து வந்தாள். அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள்.

"யாருடி?"

"எங்கப்பா" என்றாள் மகள். "இந்த நூலகத்தோட முதல் அட்டை இவரோடதுதான்."

"நிஜமாவா அங்கிள்? அப்ப நிறையப் படிப்பீங்களா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"நிறையப் படிப்பார்" என்றாள். "ஆனா அதிகம் பேச மாட்டார்."

கண்ணாடியை நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டாள். நான் தேனீப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படி இறங்கி வந்தேன்.